அணியின் பெயரா, பாட்டின் பொருளா?

கடலூரில் விடைத்தாள் திருத்த அமர்ந்திருந்த ஒரு பிற்பகலில் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பாடலைத் தந்து 'அணியைச் சுட்டுக' என்பது வினா. 'போல' என்னும் உருபைக் கண்டதும் ஏறக்குறைய எல்லோரும் 'உவமையணி' என்றெழுதி முழு மதிப்பெண் பெற்றனர். ஒரு மாணவி மட்டும் எதற்கு எது ஒப்பு, அவ்வொப்பு ஏன் அங்கே வந்தது என்று ஐந்து வரி எழுதியிருந்தாள். அணியின் பெயரை எழுதவில்லை. விடைக்குறிப்பின்படி சுழியம். அதை இட்டது நம் கைதான்.

இம்முறைக்கு இலக்கணத்தைத் துணைக்கு அழைப்போர் இலக்கணத்தையே ஊன்றிப் படிக்கவில்லை என்போம். உருபைக் கண்டதும் நின்றுவிடச் சொன்னவரல்லர் தொல்காப்பியர். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினுள் எதனால் ஒப்புமை பிறந்தது என்று காணச் சொன்னவர். ஒப்புமை இன்னதெனச் சுட்டிக் கூறப்படாத இடத்தில், பொருளோடு பொருத்திக் கொள்ளும் பொறுப்பைப் படிப்பவரிடமே விட்டவர். உள்ளுறை உவமத்திலோ உருபே இல்லை. தெய்வம் நீங்கிய கருப்பொருள்களே அதற்கு நிலம். உருபைத் தேடிப் பழகிய கண் அங்கே எதைக் காணும்? தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளையும் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர், குறுந்தொகையின் குருகை வெறும் பறவையாகக் கடந்துபோவது இதனால்தான்.

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் வந்தால் சிக்கல் இன்னும் பெரிதாகும். தில்லையைப் பாடும் திருக்கோவையாரின் 400 பாடல்களும் அகத்துறைப் பாடல்கள். பேராசிரியர் உரை அவற்றைத் துறைவழியே விளக்கிச் செல்கிறது. சைவ மரபில் ஒரு சாராரோ தலைவனை உயிராகவும் தலைவியைச் சிவமாகவும் கொள்வர். நூல் முழுவதும் உருவகமா, அன்றிக் காதல் காதலேயா? வேதியருக்கு ஒன்றாகவும் காமுகருக்கு வேறொன்றாகவும் புலவருக்கு மற்றொன்றாகவும் இந்நூல் தோன்றும் என்கிறது ஒரு பழந்தனிப்பாடல். இதற்கு இரண்டு மதிப்பெண் விடை உண்டா?

'பெயரறியாமல் நயமறிவது எங்ஙனம்?' என்பர். பெயரே வேண்டாம் என்பதன்று நம் வாதம். பெயர் வாசல், வாசலில் நிற்பதற்கே முழு மதிப்பெண் தருகிறோம் என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

வினாத்தாள் எடுப்போர் ஒரு வரி சேர்த்தால் போதும்: 'இவ்வணியை நீக்கினால் பாட்டு எதை இழக்கும்?' விடைக்குறிப்பில் அடங்காத விடைகள் வரும். திருத்தக் கூடுதல் நேரமாகும். ஆகட்டும். அந்த மாணவியின் ஐந்து வரிகளுக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.