பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் அக்கா

நற்கருணைக்கு வரிசையில் போகும்போது யார் எழுந்து வரவில்லை என்று பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் கண் போய்விடுகிறது. குத்தம்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருக்கும் ஓர் அக்கா ஞாயிறுதோறும் என்னோடுதான் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் பூசைக்கு வருவார். பாட்டெல்லாம் மனப்பாடம். நற்கருணை நேரத்தில் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டுமே, சுகர்க்காரர், ஏதாவது சாப்பிட்டிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் நசரத்பேட்டை நெரிசலில் பஸ் நின்றபோது கேட்டே விட்டேன்.

"கோர்ட்ல டைவர்ஸ் வாங்கினவளாச்சேம்மா நான்" என்றார்.

விட்டுப்போனது புருஷன். இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதும் அவர்தான். பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கிய அக்கா, தன்னைத் தானே தள்ளிவைத்துக்கொண்டு ஏழு வருஷமாகிறது.

அக்காவைத் தடுக்கும் விதி எதுவும் திருச்சபையில் இல்லை. மணமுறிவு பெற்றும் மறுமணம் செய்யாதவர் நற்கருணை வாங்கத் தடையில்லை என்று பாப்பரசர் இரண்டாம் ஜான்பால் 1981-லேயே ஓர் ஏட்டில் எழுதிவிட்டார். கோர்ட்டுத் தாள் பாவமல்ல. முதல் திருமண பந்தம் இருக்கும்போதே இன்னொருவரோடு குடும்பம் நடத்தினால்தான் சிக்கல். அப்படிப்பட்டவர்களும் அண்ணன் தங்கைபோல வாழ்ந்தால் வாங்கலாம் என்கிறது அதே ஏடு. (இதை என் முகத்தைப் பார்த்துச் சொன்ன சாமியாரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) 2016-இல் பாப்பரசர் பிரான்சிஸ், அவரவர் நிலைமையை ஆராய்ந்து சிலருக்கு அருட்சாதனங்களின் துணையும் கிடைக்கலாம் என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். அதற்கு நான்கு கர்தினால்கள் விளக்கம் கேட்டுக் கடிதமே போட்டார்கள்.

மறுமணத்துக்கு நேர்வழி, மறைமாவட்டத்தின் திருமண நீதிமன்றம். அங்கே கல்யாணத்தை முறிப்பதில்லை. மிரட்டல், ஏமாற்று போன்றவை இருந்ததால் அது முதலிலிருந்தே செல்லாது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். "அப்போ என் பிள்ளைங்க?" என்று பதறாத தாய் இல்லை. பிள்ளைகள் முறையான பிள்ளைகளே. திருச்சபைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. முன்பெல்லாம் இரண்டு மன்றங்கள் ஒரே தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 2015-இல் பிரான்சிஸ் அதை எடுத்துவிட்டார்.

அந்தத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால் நாட்டுச் சட்டம் விடாது. சர்ச் தீர்ப்பு சிவில் மணமுறிவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது; ஆகும்படி செய்யக் கேட்ட பொதுநல மனுவையும் 2017-இல் தள்ளியது. ஆக, இரண்டு படியும் ஏறியாக வேண்டும். 1869-ஆம் வருஷத்து மணவிலக்குச் சட்டமோ, 2001-இல் திருத்தும்வரை, கிறிஸ்தவக் கணவன் மனைவி இருவரும் ஒத்துப் பிரியவே இடம் தரவில்லை. மணவிலக்குப் பெற அன்று புருஷனுக்கு மனைவியின் சோரம் ஒன்றே போதுமாக இருந்தது. பெண்ணுக்குப் பெரும்பாலும் அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. மேலேயிருந்து கீழேவரை பெண்ணுக்குத்தான் படிகள் அதிகம்.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா நம்பவில்லை. "நீ சொன்னா ஆச்சா, சாமி சொல்லட்டும்" என்றார்.

அவர் கேட்பது நியாயம். பங்குச்சாமிமார்களே, கல்யாண ஓலை வாசிக்கும் ஞாயிறுகளில் இதையும் ஒரு வரி சேர்த்து வாசியுங்கள். கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி, மைக்கில்.