மொட்டைமாடிக்குக் கீழே ஒரு நகைக்கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எல்.ஈ.டி மேல் எந்தக் கோபமும் இல்லை. நீல எல்.ஈ.டியைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014ல் நோபல் கொடுத்தார்கள், தாராளமாகக் கொடுக்கட்டும். என் சண்டை எல்லாம் அந்த விளக்கை ஒளித்து வைப்பதற்காக, நல்ல கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரை கட்டுகிறோமே, அதோடுதான்.

திருப்பாலை, ஊமச்சிகுளம், நாகமலைப் பக்கம் புதிதாக எழும்புகிற வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். ஹாலுக்குள் நுழைந்ததும் ஜிப்சம் சீலிங், அதில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு லைட். "ரிச்சா இருக்குல்ல?" என்று வீட்டுக்காரர் கேட்பார். இருக்கிறது. நகைக்கடையும் அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் இப்போது மாடி எடுக்கிறோம். சுவர் எழும்பிவிட்டது, தளம் இன்னும் போடவில்லை. அதற்குள் இன்டீரியர்காரர் ஒரு கலர் படத்தோடு வந்துவிட்டார். 12க்கு 16 ஹாலில் 16 லைட், ஒவ்வொன்றும் 12 வாட். போடப்போவது அப்பாவின் பி.எப். பணம். பி.காம் படிக்கிற பிள்ளையிடம் கொட்டேஷனைக் காட்டினால் சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தேன்.

12 வாட் லைட் ஒன்று சுமார் 1000 லூமன் கொடுக்கும். 20 வாட் எல்.ஈ.டி டியூப் சுமார் 2000. அதாவது அந்த 16 லைட்டும் எட்டு டியூப்லைட்டுக்குச் சமம். ஒரே ஹாலில் எட்டு டியூப்லைட் போட்டு உட்காருகிறவரை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். மின்சாரக் கணக்கும் கேளுங்கள். தினம் 5 மணி நேரம், இரண்டு மாத ரீடிங்குக்கு 57.6 யூனிட். இரண்டு டியூப் போட்டால் 12 யூனிட்.

இதெல்லாம் ஏன் வருகிறது? மத்திய அரசு திட்டத்துக்கு வாங்கிய எல்.ஈ.டி பல்பின் கொள்முதல் விலை 2014ல் 310 ரூபாய், 2016ல் 38 ரூபாய். பல்பில் லாபம் போய்விட்டது. அப்புறம் எதை விற்பது? பல்பைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டரை, அதுவும் சதுர அடிக் கணக்கில்! ஓட்டை கூடினால் ஒயரிங் பாயின்ட் கூடும், பாயின்ட்டுக்கு ஒரு ரேட். வியாபாரமாகப் பார்த்தால் அருமையான வியாபாரம், குறையே சொல்லமாட்டேன். ஆனால் அதில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்க்கவேண்டாமா?

சரி, காசை விடுங்கள். உயரத்துக்கு வருவோம். "பத்தடி" என்று சொல்கிற வீட்டில் தளத்தின் கனம், டைல்ஸ் எல்லாம் போக ஒன்பதரை மிஞ்சினால் அதிகம். சீலிங்குக்கு எட்டு அங்குலம் இறக்கினால் 2.69 மீட்டர். ஆள் புழங்குகிற அறைக்கு 2.75 மீட்டர் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. (அந்தக் கணக்கு தளத்தின் அடிவரை என்று சொல்லித் தப்பிக்கலாம். சித்திரை வெக்கைக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது.) 1636ல் திருமலை நாயக்கர் மகால் கட்டியவர்கள் இந்த ஊர் வெயிலுக்குக் கூரையை உயர்த்தினார்கள். நாம் படம் காட்டுவதற்காக இறக்குகிறோம்.

"சீலிங் போட்டால் சூடு குறையும்" என்பார்கள். உண்மைதான், கொஞ்சம் குறையும். குறைகிற அந்தச் சூடு எங்கே போகிறது? தளத்துக்கும் ஜிப்சத்துக்கும் நடுவில் அடைபட்டு நிற்கிறது. மே மாதம் 40 டிகிரி வெயில் குடித்த மொட்டைமாடித் தளம் இரவு பத்து மணிவரை அனல் விடும். லைட்டுக்குக் கரண்டை மாற்றிக்கொடுக்கிற டிரைவர் என்கிற குட்டிப் பெட்டி அந்த அடுப்புக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. எல்.ஈ.டியின் சொந்தச் சூடும் முன்பக்கம் வராது, பின்பக்கமாக அங்கேதான் போகும். டிரைவரில் இருக்கிற கப்பாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் தோராயக் கணக்கு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற ஆயுளை இதோடு சேர்த்துப் படியுங்கள். போனால் முழு லைட்டையே மாற்றவேண்டும். நாலு வருஷம் கழித்து அதே அளவு ஓட்டைக்குப் பொருந்துவது கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். டியூப் போனால் நானே ஸ்டூல் போட்டு மாற்றிவிடுவேன்.

பேனை மறந்துவிட்டேனே. இந்த ஊரில் பேன் இல்லாத ஹால் உண்டா? லைட் றெக்கைக்கு மேலே இருந்தால் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். பேன் சுற்றுகிறவரை தரையெல்லாம் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். கலர் படத்தில் பேன் சுற்றாது, அதனால் அங்கே இது தெரியாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. இந்த லைட் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து எதிரே பார்க்கிறவர்களுக்காக யோசித்தது. நாம் அப்படியா இருக்கிறோம்? எங்கள் அப்பத்தா மத்தியானச் சாப்பாடு முடிந்ததிலிருந்து ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்கும். தம்பி குப்புறப் படுத்துப் படிப்பான், கொஞ்ச நேரத்தில் மல்லாந்துவிடுவான். மல்லாந்து படுக்கிறவர் கண்ணில் நேரே இறங்குகிற வெளிச்சம் இது. கண் ஆபரேஷன் ஆன அப்பத்தாவைப் படுக்கவைத்து மேலே 16 லைட்டா? சமையலறையிலும் இதே கதைதான். நடுக்கூரையில் லைட் போட்டால் அம்மாவின் நிழல்தான் காய் நறுக்குகிற மேடையில் விழும்.

அந்தக் கொட்டேஷனில் ஆர்.சி.சி.பி. இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடுகிற சாதனம், ஆளைக் காப்பாற்றுகிற சாதனம். கேட்டால் "அது எக்ஸ்ட்ராண்ணே" என்கிறார். 16 ஓட்டைக்குக் காசு இருக்கிறது, இதற்கு எக்ஸ்ட்ராவா?

நான் அப்பாவிடம் சொன்னது இதுதான். ஏசி போடப்போகிற படுக்கையறையில் வேண்டுமானால் சீலிங் போடுங்கள், அங்கே 2.4 மீட்டர் வரை இறங்க விதியிலேயே இடம் இருக்கிறது. ஹாலில் சுவரோரம் இரண்டு டியூப். சமையல் மேடைக்கு முன்னால், லாப்டுக்கு அடியில் ஒன்று. பதித்த லைட்தான் வேண்டும் என்றால் பூஜை இடத்திலும் வராண்டாவிலும் நாலே நாலு, அதுவும் தளத்துக்குள்ளேயே பதிக்கிற பெட்டியில். தனித்தனி சுவிட்ச், அதில் இரண்டு இன்வெர்ட்டர் லைனில். இதையெல்லாம் கம்பி கட்டியதும், கான்கிரீட் ஊற்றும் முன்பே முடிவு செய்துவிடவேண்டும். பெட்டிக்குள் சிமெண்ட் பால் இறங்காமல் பேப்பரைத் திணித்து, கம்பியோடு இறுக்கிக் கட்டிவிட்டு, வைப்ரேட்டர் ஓடுகிற நேரம் எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே நிற்கவேண்டும். தளம் அடுத்த வாரம். அன்றைக்கு நான் காலேஜுக்கு லீவு.