டீசல் பிக்கப் யாருக்கு லாபம்? கணக்குப் போடுங்க!

நீலகிரி சிறு விவசாயிகளே!

"மலைக்கு டீசல் வண்டிதான்" என்று காலங்காலமா நம்பிட்டோம். அன்று அது நியாயம். 2012 தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 70 ரூபாயை நெருங்கியது; டீசல் 44. 2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டைக் கைகழுவியது. 2024 மார்ச்சில் விலையைக் குறைத்தபோதும் டீசல் 92 ரூபாயாக இருந்தது! பெட்ரோலைவிட எட்டு ரூபாய்தான் கம்மி.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தது. புது டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரி வடிகட்டி. சேர்ந்த கரி எரியணும்னா வண்டி சூடேறி, நிற்காமல் ஓடணும். பச்சை இலை ஏற்றி நாலு கிலோமீட்டர் போய், ஃபேக்டரி வாசலில் வரிசையில் நிற்கிற வண்டி எங்கே சூடேறும்? அடைச்சுக்கும். செலவு யார் தலையில்?

"பெட்ரோல் வண்டி ஏத்தத்தில் இழுக்காது" என்பார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு நம்ம கேரட் இறக்கத்தில்தானே போகுது! திரும்பும்போது பாதி நாள் காலி வண்டி.

உரமும் விதைக்கிழங்கும் ஏற்றி தினம் மலையேறுகிறவருக்கு டீசல் சரி. இழுவை உண்டு, லிட்டருக்குத் தூரமும் கூட. ஊருக்குள்ளே இலை ஓட்டுகிறவர் கூடுதல் விலை, கூடுதல் தவணை கட்டி டீசல் வாங்குவது ஏன்?

டீசல் இல்லாமல் முடியாதவர்களுக்காகக் கேட்கிறோம்: மீனவர் படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் தருகிறது தமிழக அரசு. நல்லது. அதே சலுகை மலை விவசாயியின் வண்டிக்கு ஏன் இல்லை?

வாங்குமுன் கணக்குப் போடுவோம்! வரியில்லா டீசல் கேட்டு ஒன்றுபடுவோம்!