பிழை எவருடையது? மென்பொருட் பிழைதேடலும் அதிகாரமும்

மேசைக் கணனியில் இயங்கும் நிரல் ஒன்று எதிர்பார்த்த விடையைத் தராதவிடத்து, ஐயம் முதலில் எவர்மீது செலுத்தப்படுகின்றது என்னும் வினா மென்பொருட் கல்வியில் போதிய கவனத்தைப் பெறவில்லை. திரை உறைதல், நினைவகக் கசிவு, ஒரே பதிவை இரு செயன்முறைகள் ஒரே வேளையில் மாற்றுதல், மையத்துடனான தொடர்பு அறுதல் எனக் குறைபாடுகள் வகைப்படுத்தப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பரிகாரமும் கற்பிக்கப்படுகின்றது. ஆயின், பிழை உண்டு என முறையிடுபவரின் சொல்லை எவ்வாறு மதிப்பது என்பது அவ்வகைப்பாட்டில் எங்கும் இடம்பெறுவதில்லை. பிழைதேடலை விஞ்ஞானம் எனக் கொள்வோர் இவ்வினாவைப் புறக்கணிக்க உரிமையற்றவர்கள். ஏனெனில், எங்கே தேடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட தேடல், தேடல் ஆகாது.

மென்பொருட்டொழிலில் மூன்று மறுமொழிகள் பெருவழக்காக உள்ளன. 'எமது கணனியில் ஒழுங்காக இயங்குகின்றது' என்பது ஒன்று. 'வேறெவரும் முறையிடவில்லை' என்பது மற்றொன்று. 'நீங்கள் எதையோ தவறாக அழுத்தியிருப்பீர்கள்' என்பது மூன்றாவது. முதலாவது, நிரலெழுதுபவரின் மேசையையே உலகத்தின் அளவுகோலாக்குகின்றது. இரண்டாவது, முறைப்பாடுகளின் பதிவேட்டைத் தன்வசம் வைத்திருக்கும் தரப்பு, அதைக் காணமுடியாத தரப்பை நோக்கிக் கூறும் கூற்றாகையால், சரிபார்க்க இயலாதது. மூன்றாவது, ஆய்வு தொடங்குமுன்னரே வழங்கப்படும் தீர்ப்பு. இவை அலுப்பினாற் பிறக்கும் சிறு தவறுகள் என்று தட்டிக்கழிக்கப்படுவதுண்டு. இம்மூன்றும் ஒரு பெருநிறுவனத்தின் கொள்கையாக உறைந்தபோது விளைந்தது யாது என்பதைப் பிரித்தானிய அஞ்சற் சேவையின் 'ஹொரைசன்' முறைமையின் வரலாறு காட்டுகின்றது.

ஐ.சி.எல். பாத்வே நிறுவனம் உருவாக்கி, பின்னர் ஃபுஜிட்சுவின் பெயரில் பராமரிக்கப்பட்ட ஹொரைசன், 1999ஆம் ஆண்டு முதல் அஞ்சற் கிளைகளிற் பரவலாக நிறுவப்பட்டது. கிளையின் கருமபீடத்தில், விண்டோஸ் என்.ரி. இயங்குதளத்தைக் கொண்ட கணனியில், முத்திரை விற்பனை முதல் ஓய்வூதியக் கொடுப்பனவு வரை யாவும் பதியப்பட்டு மையத்துக்கு அனுப்பப்பட்டன. கிளைகளை நடத்தியோர் பெரும்பாலும் உப தபாலதிபர்கள். கடையொன்றோடு அஞ்சற் பணியையும் ஒப்பந்த அடிப்படையில் ஏற்றுக்கொண்ட சாதாரண மக்கள். கணனி காட்டிய தொகைக்கும் பெட்டகத்திலிருந்த காசுக்கும் இடையே குறைவு தோன்றியபோது, அதனை அவர்களே ஈடுசெய்யவேண்டும் என அஞ்சற் சேவை ஒப்பந்தத்தைக் காட்டி வற்புறுத்தியது. உதவி வேண்டித் தொலைபேசியில் அழைத்தோருட் பலருக்குக் கிடைத்த மறுமொழி, இத்தகைய இடர்ப்பாடு அவர் ஒருவருக்கே நேர்ந்துள்ளது என்பதாகும். சர்ச்சைக்குரிய தொகையைத் தனியே ஒதுக்கிவைக்க முன்பு இருந்த ஏற்பாடும் 2005இல் அகற்றப்பட்டது. அதன்பின், குறைவை ஏற்றுக் கையொப்பமிடாமல் அடுத்த கணக்குக் காலத்தைத் தொடங்கவும் முடியாத நிலை உருவாயிற்று. நிரலின் வடிவமைப்பே ஒப்புதல் வாக்குமூலத்தைக் கறக்கும் பொறியாக மாறியது எனின் மிகையாகாது.

அக்குறைபாடுகள் அறியவொண்ணாத மர்மங்களாகவும் இருக்கவில்லை. 2005இல் ஸ்கொட்லாந்தின் ஃபோல்கேர்க் நகரிலுள்ள கலண்டர் ஸ்குவெயர் கிளையில் வெளிப்பட்ட குறைபாட்டில், ஒரு கணனியிற் பதிந்த இடமாற்றம் அடுத்த கணனியிற் புலப்படவில்லை. இதனால் அதே இடமாற்றம் மீண்டும் பதியப்பட்டு இரட்டித்தது. பூட்டிய பதிவைத் தக்க வேளையில் விடுவிக்காமை என்னும், எந்த மாணவனும் அறிந்த கோளாறே அதன் வேர். 2015இல் டல்மெலிங்டன் கிளையில் 8,000 பவுண் ஒரே தடவை ஏற்றுக்கொள்ளப்பட்டது. மறையவேண்டிய திரை மறையாது நின்றமையால் 'என்ரர்' விசை மீண்டும் மீண்டும் அழுத்தப்பட, கணக்கில் 32,000 பவுண் ஏறியது. கையில் இல்லாத 24,000 பவுண் குறைவாகத் தோன்றியது. பதிவேடுகள் துருவப்பட்டபோது, முந்திய ஐந்தாண்டுகளில் 88 கிளைகளில் 112 தடவை இத்தகைய இரட்டிப்பு நேர்ந்திருந்தமை தெரியவந்தது. ஒரே கட்டளை எத்தனை முறை வந்தாலும் ஒருமுறையே நிறைவேற்றப்படல் வேண்டும் என்பது கணக்கு நிரலாக்கத்தின் அரிச்சுவடி. அதனை மறந்தவர் நிரலெழுதியவர், விசையை அழுத்தியவரல்லர்.

நிறுவனங்கள் இவற்றை அறியாதிருந்தன என்று கூறுவதற்கும் இடமில்லை. 1998இலேயே கருமபீட நிரலின் தரத்தை ஆராய்ந்த உட்குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. ஓர் எண்ணின் குறியை மாற்றுவதற்கு, அவ்வெண்ணிலிருந்து அதன் இருமடங்கைக் கழிக்கும் விசித்திரமான நிரற்பகுதி அதன் அறிக்கையில் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. ஆயினும் அந்நிரல் முழுமையாக மீள எழுதப்படவில்லை. அறியப்பட்ட பிழைகளுக்கெனப் பதிவேடொன்றை ஃபுஜிட்சு பேணி வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு அது எட்டாதிருந்தது. கிளைக் கணக்கை வெளியிலிருந்து எவரும் மாற்ற முடியாது என நெடுங்காலம் உறுதியாகக் கூறப்பட்டது. முடியும் என்பது பின்னர் நீதிமன்றத்தில் நிரூபணமாயிற்று. பிழைநீக்கும் தொழிலாளர் உள்ளே பிழைகளை இலக்கமிட்டுத் திருத்திக்கொண்டிருக்க, வெளியே அதே நிறுவனங்களின் பெயரால் பிழையற்ற பொறி என்னும் புனைவு நிலைநாட்டப்பட்டது.

சட்டமும் இப்புனைவுக்குத் துணைபோயிற்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1984ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றவியற் சான்றுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, கணனிப் பதிவைச் சான்றாக முன்வைப்போர் அக்கணனி ஒழுங்காக இயங்கியமையைக் காட்டவேண்டும் என விதித்திருந்தது. அப்பிரிவு 1999இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் நீக்கப்பட்டது. அதன்பின், மாறாக ஐயம் எழுப்பப்படாதவரை கணனி சரியாக இயங்கியதென்றே நீதிமன்றம் அனுமானித்தது. பதிவேடுகள் யாவும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கையில், கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் எவ்வாறு அவ்வையத்தை எழுப்புவார்? 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் களவு, மோசடி, பொய்க் கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சற் சேவையே; இழப்பை முறையிட்டதும், புலனாய்ந்ததும், குற்றஞ்சாட்டியதும் ஒரே நிறுவனம். சிறை சென்றோர் உளர். வீட்டை விற்றோர் உளர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர்.

அலன் பேற்ஸ் முதலானோரின் முயற்சியால் 555 பேர் தொடுத்த வழக்கில், ஹொரைசன் பிழைகள் மலிந்தது என 2019 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை இரத்துச் செய்தது. எஞ்சிய பலவற்றை அகற்றுதற்கு 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே தனிச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. சில வரி நிரலைத் திருத்துதற்குரிய நேர்மை உரிய காலத்தில் இல்லாமற்போனமையால், ஒரு நாட்டின் சட்டமன்றம் அதனைத் திருத்த நேர்ந்தது.

இதற்கு மறுப்புக் கூறுவோர் இருவகையினர். பயனர்களும் தவறிழைப்பர் அல்லவா என்பர் ஒரு சாரார். இழைப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயின், தவறு பயனருடையதா நிரலினுடையதா என்று பிரித்தறிதற்குரிய பதிவை வைத்திராத முறைமை, எவரையும் குற்றஞ்சாட்டும் தகுதியை இழந்துவிடுகின்றது. பெருநிரல் எதுவும் பிழையின்றி இராது; அதனைப் பெரிதுபடுத்தலாகாது என்பர் மறுசாரார். இவ்வாதம் அவர்களுக்கே எதிராகத் திரும்புகின்றது. சோதனைகள் பிழை இருப்பதைக் காட்டுமேயன்றி இல்லாமையைக் காட்டா என்பதை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1970ஆம் ஆண்டளவிலேயே வற்புறுத்தினார். பிழை இருந்தே தீரும் எனின், கணனி சரியாக இயங்கியது என்ற அனுமானத்துக்கு அடிப்படை எங்கே?

மீளத் தோற்றுவிக்க முடியாத பிழை இல்லாத பிழையே என்னும் எண்ணமும் இத்தொழிலில் வேரூன்றியுள்ளது. 1985க்கும் 1987க்கும் இடையில் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 'தெராக் 25' என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறி ஆறு நோயாளருக்கு அளவுகடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. அவ்வாறு நிகழவே முடியாது எனத் தயாரிப்பாளர் கூறினர். ரெக்ஸாஸ் மாநிலத்தின் ரைலர் நகர மருத்துவமனையில், 1986இல், பௌதிகவியலாளரும் பொறியை இயக்கியவரும் விசைப்பலகையின் முன்னமர்ந்து மீண்டும் மீண்டும் முயன்று அப்பிழையைத் தோற்றுவித்தனர். சிகிச்சை விவரங்களை விரைவாகத் திருத்துகையிலேயே அது தோன்றியது. சோதனைச்சாலையில் மெல்லத் தட்டியோர் காணாததை, நாள்தோறும் அதே திரையிற் பணியாற்றிப் பழகிய விரல்கள் கண்டன. பிழைதேடலில் பயனர் சந்தேகத்துக்குரியவரல்லர். முதற் சாட்சி அவரே.

எனவே, கோரப்படவேண்டியவை தெளிவானவை. பயனர் செய்தது யாது, நிரல் செய்தது யாது என்பவை வேறுவேறாகப் பதியப்படல் வேண்டும். அப்பதிவைப் பயனரும் காணல் வேண்டும். அறியப்பட்ட பிழைகளின் பட்டியல் அவற்றாற் பாதிக்கப்படுவோர்க்கு மறைக்கப்படலாகாது. பிறர் கணக்கில் வெளியிலிருந்து செய்யப்படும் திருத்தம் ஒவ்வொன்றும் செய்தவர் பெயருடன் நிலைத்திருத்தல் வேண்டும். பொறி சரியாக இயங்கியது என்பதை நிறுவும் பாரம் பொறிக்குரியவரையே சாரல் வேண்டும்.

உப தபாலதிபர் என்னும் பெயர் இலங்கையருக்குப் புதியதன்று. வங்கி, மருத்துவமனை, பரீட்சை, அரச கொடுப்பனவு என எல்லாத் துறைகளிலும் கணனியின் சொல் இறுதிச் சொல்லாகி வரும் நாடு எதற்கும் அஞ்சற் சேவையின் இவ்வரலாறு பொருந்தும். நாளை நிரலெழுதப்போகும் மாணவரிடம் முறைப்பாடொன்று வந்து சேரும்போது, 'நீங்கள் என்ன தவறு செய்தீர்கள்?' என்னும் கேள்வி இலகுவில் நாவில் எழும். 'நிரல் என்ன செய்தது?' என்னும் கேள்வியை அதற்கு முன் எழுப்பப் பயிற்றாத கல்வி, எத்தனை நிரன்மொழிகளைக் கற்பித்தாலும் குறைபாடுடையதே.