உரத்துக்கு முன் வெளிச்சம்

பாட்டி தமிழ்நாட்டுக்குச் சென்றிருந்த மூன்று மாதங்களும் அவருடைய குரோட்டன் செடி என் பொறுப்பில் இருந்தது. தாழ்வாரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நின்ற அதை, அழகாக இருக்கட்டும் என்று என் படிப்பு மேசைக்கு மாற்றினேன். சில வாரங்களில் இலைகள் உதிர்ந்தன. புதிய இலைகள் வெறும் பச்சையாக வந்தன.

செடிக்குப் பசி என்று நானே முடிவுசெய்து, வாரந்தோறும் திரவ உரம் ஊற்றினேன். இலை நுனிகள் கருகின. மண்மீது வெள்ளைப் படலம் படிந்தது.

ஒளிச்சேர்க்கை பற்றித் தொடக்கப்பள்ளியிலேயே படித்தவன் நான். ஆனாலும் அடிப்படையை மறந்துவிட்டேன். ஒளி, நீர், கரியமில வாயு ஆகியவற்றைக் கொண்டு செடி தன் உணவைத் தானே தயாரிக்கிறது. உரம் அதற்கு உணவன்று. பச்சையத்தை உருவாக்கத் தேவையான நைட்ரஜன், மெக்னீசியம் போன்ற சத்துகளை மட்டுமே உரம் தருகிறது. ஒளி போதாத இடத்தில் எவ்வளவு உரம் ஊற்றினாலும் ஒளிச்சேர்க்கை பெருகாது. செடி பயன்படுத்தாத உப்புகள் மண்ணில் தேங்கி, வேர்கள் நீரை உறிஞ்சுவதைத் தடுக்கும். என் செடிக்கு நடந்தது அதுதான்.

கைப்பேசிச் செயலியில் ஒளியை அளந்து பார்த்தேன். மேசையில் சுமார் 200 லக்ஸ். தாழ்வாரத்தில் காலை 10 மணிக்கு 8,000ஐத் தாண்டியது. நம் கண்கள் வெளிச்சத்துக்கு ஏற்பத் தங்களைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை.

எல்லாச் செடிகளுக்கும் வெயில் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மழைக்காட்டு நிழலில் வளரும் பீஸ் லில்லி, குறைந்த ஒளியிலும் சமாளிக்கும். ஆனால் நிழலில் மெதுவாக வளரும் செடிக்கு உரமும் குறைவாகவே தேவை.

பள்ளியில் இலையின் ஒரு பகுதியை மூடிவைத்து அயோடின் சோதனை செய்தோம். அறிக்கை எழுதியதோடு அது முடிந்துவிட்டது. வகுப்பறைச் சன்னலோரம் ஒரு தொட்டி, பின்மூலையில் ஒரு தொட்டி, இரண்டுக்கும் ஒரே அளவு உரம் என ஒரு தவணை முழுவதும் கவனித்தால் என்ன? பாடத்திட்டம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்பார்கள். ஆனால் இதற்கு வாரம் ஐந்து நிமிடம் போதும். அப்படிக் கண்ணால் பார்த்திருந்தால் நான் உரப் போத்தலைத் தேடியிருக்க மாட்டேன்.

மண்ணை நிறைய நீர் ஊற்றி அலசி, செடியைப் படிப்படியாகத் தாழ்வாரத்துக்குக் கொண்டுசென்றேன். பாட்டி திரும்புவதற்குள் சிவப்பு ஓடிய இரண்டு இலைகள் துளிர்த்திருந்தன.

அவர் தண்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “உள்ளேயா வச்சிருந்தே?”