கரிப்புகை எங்கே போனது?



போன வாரம் நம் குழுவில் ஒரு தம்பி, "ரயிலெல்லாம் மின்சாரத்துக்கு மாறிவிட்டது, கரிப்புகைக் காலம் முடிந்தது" என்று போட்டிருந்தார். நிறையப் பேர் கைதட்டியிருந்தீர்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் செய்தி பாதிதான் சரி. மீதிப் பாதியை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நம் மாவட்டம் ரயிலுக்குப் பழைய மாவட்டம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் திருவள்ளூர் வழியாகத்தான் போனது. பக்கத்தில் கரிச் சுரங்கம் கிடையாது, கப்பலில் வந்த சீமைக்கரியோ விலை அதிகம். அதனால் நம் பக்கத்து எஞ்சின்கள் வெகுகாலம் விறகையும் தின்றன. காடு குறைந்தது. கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் வந்ததற்கு விறகுத் தேவையும் ஒரு காரணம். பிறகு கரியே நிலைத்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று என் வயதுக்காரர்களைக் கேளுங்கள். சட்டையில் புள்ளி, கண்ணில் தூள்.

1979-ல் கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில் வந்தது. புகை நின்றது. எங்கே போனது?

அத்திப்பட்டு புதுநகர் தாண்டும்போது கிழக்கே பாருங்கள். உயரமான புகைபோக்கிகள் தெரியும். வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் அங்கேதான். ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டிய கரி, ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வந்து, கன்வேயர் பெல்ட்டில் கொதிகலனுக்குப் போகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு இங்கிருந்து மறுபடி சரக்கு ரயிலில் ஏறுகிறது. கரியை ரயில் சுமக்கிறது, கரி மின்சாரமாகி ரயிலை இழுக்கிறது. காற்றாலை, சூரியம், நீர், அணு மின்சாரமும் கலந்துதான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் கரியின் பங்கு பெரியது. சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளுக்கும் உங்கள் வீட்டு ஏசிக்கும் அதே கம்பிதான்.

கணக்குப் போடாமல் விடுவேனா? ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டுக் கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு சாம்பல். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீடு முழுவதும் கரி மின்சாரத்தில் ஓடினால் 210 கிலோ கரி, ஏறக்குறைய 75 கிலோ சாம்பல். 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்று. அது உங்கள் வாசலில் கொட்டப்படவில்லை. அதனால்தான் நமக்குத் தெரியவில்லை.

அது கொட்டப்படும் இடத்துக்குப் பெயர் உண்டு. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குளத்தை ஒட்டிய சிற்றூர் செப்பாக்கம். குழாய் உடைந்தால் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலக்கிறது. கையால் இறால் தடவிப் பிடித்து வாழும் மக்களின் ஆறு அது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

இன்னொன்றும் கவனியுங்கள். சென்னைத் துறைமுகத்தில் கரியும் இரும்புத் தாதும் இறக்கியதால் சுற்றியிருந்தவர்கள் மேல் தூசு படிந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் கரி இறக்குவது எண்ணூருக்கு வந்தது. எஞ்சினிலிருந்து கொதிகலனுக்கு, நகரத்திலிருந்து வடக்கே. ஒவ்வொரு முறையும் குரல் குறைந்தவர்கள் பக்கம்தான் தூசு நகர்கிறது.

"அப்படியென்றால் மறுபடி கரி எஞ்சினா, டீச்சர்?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பழைய எஞ்சின் கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுவிசையாக மாற்றவில்லை. அனல்மின் நிலையம் மூன்றில் ஒரு பங்கை மாற்றுகிறது. ஆயிரம் எஞ்சின்களின் புகையைப் பிடிக்க முடியாது, ஒரு புகைபோக்கியில் பிடிக்கலாம். மின்சார ரயிலின் பெரிய லாபமே அதுதான். பிடிக்காமல் விட்டால் அந்த லாபத்துக்கான விலையைச் செப்பாக்கம்காரர் கொடுக்கிறார். கந்தகப் புகையைக் குறைக்க மத்திய அரசு 2015-ல் விதி கொண்டுவந்தது. கெடு மட்டும் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. வீட்டுப்பாடத்தை நாளைக்குத் தருகிறேன் என்று தினமும் சொல்லும் பிள்ளையை நான் விட்டிருப்பேனா?

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் சாம்பல் செங்கல்லை விசாரித்துப் பாருங்கள். ஏரி மண்ணும் வயல் மண்ணும் மிஞ்சும், சாம்பலும் கரையும். மொட்டை மாடி உள்ளவர்கள் சூரியத் தகடு பற்றி யோசியுங்கள். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுற்ற வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், எண்ணூர் மீனவர்கள் மனு கொடுக்கும்போது "வளர்ச்சிக்குத் தடை" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் காலையில் ஏறும் ரயிலுக்கு அவர்களும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் இருக்கும் என் மாணவர்கள், இப்போது ஆறு எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். நான் தப்பாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்