அரோரா நம்ம ஈசிஇ பாடம்தான்

இன்ஸ்டாவில் அரோரா ரீல்ஸ் பார்க்காத ஆள் யாரும் இந்தக் கேம்பஸில் இருக்க வாய்ப்பில்லை. பச்சைத் திரை மாதிரி வானத்தில் ஏதோ அசையும், பின்னாடி ஒரு பியானோ பிஜிஎம், கீழே "பக்கெட் லிஸ்ட்" என்று ஒரு கமென்ட். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களில் பாதிக்கு மேல் முக்கியமான ஒரு விஷயத்தைத் தொலைத்துவிட்டுத்தான் நம்ம கைக்கு வருது. தொலைந்துபோனது அரோராவின் துடிப்பு.

நைட் மோடில் போன் என்ன செய்யுதுன்னு உங்களுக்கே தெரியும். சில நொடிகள் ஷட்டரைத் திறந்து வைத்து, வந்த வெளிச்சத்தையெல்லாம் கூட்டி ஒரே படமாகத் தரும். அரோராவில் ஒரு வகை இருக்கு, சில நொடிகளுக்கு ஒருமுறை எரிந்து அணையும்; அதை பல்சேட்டிங் அரோரா என்கிறார்கள். இன்னொரு வகை நொடிக்கு 3 முதல் 15 தடவை வரை படபடக்கும். இது ஃப்ளிக்கரிங் அரோரா. இரண்டையும் சராசரி எடுத்தால் மிஞ்சுவது வெறும் பச்சைப் பூச்சு. 10 ஹெர்ட்ஸ் துடிப்பைப் பிடிக்க நொடிக்கு 20 பிரேமுக்கு மேல் வேண்டும்னு நைக்விஸ்ட் தேற்றத்தை நாம எல்லோரும் பரீட்சையில் எழுதியிருக்கோம். எழுதிவிட்டு வெளியே வந்து மறந்தும் இருக்கோம்.

என் வாதம் இதுதான்: இந்தத் துடிப்பு எங்கிருந்து வருதுன்னு புரிந்துகொள்ளத் தேவையான அத்தனையும் ஏற்கனவே நம்ம சிலபஸில் இருக்கு. யாரும் அதை இப்படிச் சேர்த்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் பல்சேட்டிங் வகை. பூமியின் காந்தப்புலக் கோடுகளில் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்கள் வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே சுருண்டு சுருண்டு ஓடுகின்றன. துருவம் நெருங்க நெருங்கப் புலம் வலுவாகும், எலக்ட்ரான் திரும்பிவிடும். அதனால் சும்மா விட்டால் அது கீழே விழாது. விழ வைக்க யாராவது தட்டிவிடணும். தட்டுவது கோரஸ் என்கிற பிளாஸ்மா அலை. பல பத்தாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டுப் பக்கம் பிறக்கிறது. அலைவரிசை சில நூறு ஹெர்ட்ஸில் இருந்து சில கிலோஹெர்ட்ஸ் வரை. ஸ்பீக்கரில் போட்டால் விடியற்காலைப் பறவைச் சத்தம் மாதிரி கேட்கும், பெயரே அதனால் வந்ததுதான்.

இந்த அலையின் போலரைசேஷன் சர்க்குலர். எலக்ட்ரான் காந்தக்கோட்டைச் சுற்றுகிற அதே திசையில்தான் இதுவும் சுழலும். எதிரே ஓடிவருகிற எலக்ட்ரானுக்கு டாப்ளர் காரணமாக அலையின் அதிர்வெண் கூடித் தெரியும். அது தன் சொந்தச் சுழற்சி அதிர்வெண்ணோடு பொருந்தினால் ரெசனன்ஸ். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற அதே கதை. எலக்ட்ரானின் கோணம் மாறும், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக இறங்கி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதும். அங்கே ஒரு திட்டு எரியும். கோரஸ் விட்டு விட்டு வருவதால் திட்டும் விட்டு விட்டு எரிகிறது.

பல வருஷமாக இது ஒரு நல்ல ஊகமாகத்தான் இருந்தது. 2010-இல் தெமிஸ் செயற்கைக்கோள்களின் தரவும் தரைக் கேமராக்களின் படமும் ஒன்றாக ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். ஆனால் அலை நிஜமாகவே எலக்ட்ரானைத் தள்ளிவிடுவதை நேரில் பிடித்தது ஜப்பானின் அராசே. 2016 டிசம்பரில் ஏவினார்கள், 2017 மார்ச்சில் பிடித்தார்கள், 2018-இல் நேச்சர் இதழில் வந்தது. அந்த உயரத்தில் விழப்போகிற எலக்ட்ரான்கள் காந்தக்கோட்டை ஒட்டிச் சில டிகிரிக்குள் மட்டுமே இருக்கும். அந்தக் குறுகிய கோணத்தைத் தனியே பிரித்துப் பார்க்கிற சென்சார் அதில் இருந்தது. இதில் பாதி வெற்றி இன்ஸ்ட்ருமென்டேஷன்காரர்களுடையது என்பேன்.

வேகமான ஃப்ளிக்கரிங் வகைக்கு வேறு அலை. அயனிகளின் சுழற்சி அதிர்வெண்ணை ஒட்டிய அலைகள் அவை. கால்குலேட்டர் எடுங்க. சுழற்சி அதிர்வெண் என்பது மின்னூட்டம் பெருக்கல் காந்தப்புலம், அதை வகுக்கணும் 2π பெருக்கல் நிறை. துருவத்துக்கு மேலே 5000 கிலோமீட்டரில் புலம் சுமார் 10 மைக்ரோடெஸ்லா. ஆக்ஸிஜன் அயனியின் நிறையைப் போடுங்க. சுமார் 10 ஹெர்ட்ஸ் வருதா? கண்ணுக்குத் தெரிகிற படபடப்பும் அதே அளவுதான்! அலாஸ்காவின் போக்கர் ஃப்ளாட்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிவேகக் கேமரா வைத்து 80 ஹெர்ட்ஸ் வரைக்கும் துடிப்பைப் பிடித்தார்கள். அதற்கு ஆக்ஸிஜன் மட்டும் போதாது, 16 மடங்கு லேசான ஹைட்ரஜன் அயனியையும் கணக்கில் சேர்க்கணும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பச்சை நிறத்தைப் பார்த்து வேகமான துடிப்பை அளக்க முடியாது. ஆக்ஸிஜன் அணு அடி வாங்கியபின் அந்தப் பச்சை ஒளியை வெளிவிட சராசரியாக 0.7 நொடி எடுத்துக்கொள்ளும். அதாவது அந்த அணு ஒரு லோ பாஸ் ஃபில்டர், டைம் கான்ஸ்டன்ட் 0.7 நொடி. 10 ஹெர்ட்ஸ் சிக்னல் அதற்குள் போனால் கிட்டத்தட்ட 44-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சிவப்பு இன்னும் மோசம், 110 நொடி. அதனால்தான் உடனுக்குடன் ஒளிர்கிற நைட்ரஜன் வெளிச்சத்தை ஃபில்டர் போட்டுப் படம் எடுக்கிறார்கள். 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லேவில் தெரிந்த செந்நிற ஒளி ஏன் அசையாமல் நின்றது என்பதற்கும் இந்த 110 நொடி ஒரு பெரிய காரணம். ஆர்சி சர்க்யூட்டை இப்படி ஒரு உதாரணத்தோடு நடத்தியிருந்தால் கடைசி பெஞ்ச் தூங்கியிருக்குமா?

"இதுக்கு பிளேஸ்மென்ட் வருமா" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. செயற்கைக்கோள் எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கிற அதிவேக எலக்ட்ரான்களை உருவாக்குவதிலும் இதே கோரஸ் அலைகளுக்குப் பங்கு இருக்கு. செயற்கைக்கோள் கட்டுகிற எவரும் இதைத் தவிர்க்க முடியாது. நம்ம ஆதித்யா எல்1 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியக்காற்றை அளப்பதும் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைப் பிடிக்கத்தான்.

ஆனால் எனக்கு அதைவிட ஃபைனல் இயர் புராஜெக்ட் பற்றித்தான் பேசணும். ஸ்மார்ட் டஸ்ட்பின், லைன் ஃபாலோயர், புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட். வைவாவில் கேட்டால் ஆர்டுயினோ பின் நம்பர்கூடச் சொல்ல வராது. அதற்குப் பதில் ஒரு விஎல்எஃப் ரிசீவர் கட்டுங்க. கம்பிச்சுருள் ஆன்டெனா, ஒரு பிரீஆம்ப், லேப்டாப்பின் சவுண்ட் கார்டு. 48 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் செய்யும், 20 கிலோஹெர்ட்ஸ் வரை நேராகவே பதிவாகும்.

நம்ம ஊரில் கோரஸ் கிடைக்காது, அது உயர் அட்சரேகைச் சரக்கு. ஆனால் இரவில் தூரத்து மின்னல்களின் ட்வீக் கிடைக்கும். ஸ்பெக்ட்ரோகிராமில் 1.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அது கொக்கி மாதிரி வளையும். வேவ்கைடின் கட் ஆஃப் அது. தரை கீழ்ச்சுவர், அயனிமண்டலம் மேல்சுவர். ஒளிவேகத்தை அந்த அதிர்வெண்ணின் இரண்டு மடங்கால் வகுங்க, 88 கிலோமீட்டர் வரும். அயனிமண்டலத்தின் அடி உயரத்தை நீங்களே அளந்துவிட்டீங்க. காந்த நடுக்கோடு நம்ம தென்கோடிப் பக்கம் போவதால், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியிலேயே ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருக்கு. ஒரு ஐவி போக எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன். ஹாஸ்டல் மொட்டை மாடியில் வைத்தால் 50 ஹெர்ட்ஸும் அதன் ஹார்மோனிக்ஸும்தான் கேட்கும். ஊருக்கு வெளியே, கரண்ட் கம்பி இல்லாத வயல் பக்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் போகணும். வார்டனிடம் என்ன சொல்லி அவுட்பாஸ் வாங்குவதுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.